உடற்சூட்டை ஆராய்ந்த வால்டர் கானன்

கல்வராயன் மலையூர்களில் மார்கழித் திங்களின் குளிர் கடுமையானது. மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் சமவெளியில், களமருதூர் போன்ற சிற்றூர்களிலும் அத்திங்களின் காலைப்பொழுது பனி மூடியே புலர்கிறது. அவ்வேளையில் தெருவில் நடந்து செல்வோர் சில காட்சிகளைக் காணலாம். கூரையின்மேல் அமர்ந்த கோழி இறகுகளை உப்பிக்கொண்டு பந்துபோல் தோன்றும். வைக்கோற்போரின் அடியில் நாய் உடலை வளையமாகச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். தொழுவத்தில், பிறந்து சில நாட்களே ஆன கன்றின் மயிர் சிலிர்த்து நிற்கும். அதன் தொடை நடுங்கும். வேலியில் இருக்கும் ஓணானோ நடுங்குவதும் இல்லை, சிலிர்ப்பதும் இல்லை. கல்லைப்போலக் குளிர்ந்து, கதிரவன் எழும்வரை அசைவற்றுக் கிடக்கும்.

ஓணானின் உடல் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து சூடேறுவது, அதனோடு சேர்ந்தே குளிர்வது. நாயின் நிலை வேறு. அதன் உடலின் உட்புற வெப்பத்தை அளந்து பார்த்தால், மார்கழிப் பனியிலும் அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஏறக்குறைய ஒரே அளவே காணப்படும். மனித உடலும் அத்தகையதே. புறத்தே குளிர்ந்தாலும் அகத்தே வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. வீட்டு அடுப்பில் தீ தணிந்தால் விறகைத் தள்ளுவதற்கு ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். உடலினுள் எரியும் தீக்கு விறகு தள்ளுவது எது? குளிர் வந்துற்றது என்னும் செய்தி அதற்கு எவ்வாறு எட்டுகிறது?

இவ்வினாவை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தனர். பிரான்சு நாட்டு லவாய்சியரும் லாப்லாசும், பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றில் கினிப்பன்றியை வைத்து, அதன் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தனர். அது வெளிவிடும் மூச்சுக் காற்றையும் கணக்கிட்டனர். உயிரின் வெப்பமும் ஒருவகை மெல்லிய எரிதலே என்பது 1783-ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. பின்னர் 1852-இல் கிளாடு பெர்னார்டு என்பவர் முயலின் கழுத்தில் உள்ள நரம்பு ஒன்றை அறுத்தபோது, அப்பக்கத்துக் காது சிவந்து சூடேறக் கண்டார். நரம்பு அறுந்ததும் குருதிக் குழல்கள் விரிந்தமையே அதற்குக் காரணம். உடற்சூட்டின்மேல் நரம்புக்கு ஆட்சி உண்டு என்பது இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் அவ்வாட்சி நரம்புக்கு மட்டும் உரியதா, குருதியில் கலந்தோடும் சுரப்பு நீர்களுக்கும் அதில் பங்கு உண்டா என்பது புலப்படவில்லை. அதனைத் துணிவதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் வால்டர் பிராட்போர்டு கானன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர்.

கானன் 1871-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பிரெய்ரி து ஷீன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இருப்புப்பாதைப் பணியில் இருந்தவர். தாயார் மணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். கானனுக்குப் பத்து வயது ஆகும்போது தாயார் காலமானார். பதினான்காம் வயதில் மற்றோர் இடர் வந்தது. மகன் படிப்பில் போதிய கருத்துச் செலுத்தவில்லை என்று எண்ணிய தந்தை, அவரைப் பள்ளியினின்றும் நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் வேலைக்கு அமர்த்தினார். அங்கே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மீண்டும் பள்ளிக்குத் திரும்பிய கானன், நான்கு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டில் முடித்தார். இழந்த காலத்தை ஈடுசெய்ய முற்பட்டவர்க்கு உள்ள விரைவு அவரிடம் இருந்தது. பள்ளி ஆசிரியை ஒருவர் அவருடைய திறமையை உணர்ந்து, தொலைவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்லுமாறு ஊக்கினார். உதவித்தொகை பெற்று 1892-இல் ஹார்வர்டில் சேர்ந்த கானன், 1896-இல் உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்று, அங்கேயே மருத்துவக் கல்லூரியில் புகுந்தார்.

அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில்தான் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்திருந்தார். உலகமெங்கும் மருத்துவர்கள் அக்கதிர்களைக் கொண்டு எலும்பு முறிவுகளைப் பார்த்து வியந்துகொண்டிருந்தனர். ஹார்வர்டின் உடலியல் பேராசிரியர் பௌடிச் என்பவர், அக்கதிர்களைக் கொண்டு உணவு இறங்கும் வழியைப் பார்க்கலாமே என்று முதலாண்டு மாணவர் கானனுக்கு எடுத்துரைத்தார். 1896-ஆம் ஆண்டு டிசம்பரில் நாய் ஒன்று விழுங்கிய பொத்தான் அதன் உணவுக்குழலில் இறங்குவதைக் கானன் கண்டார். பிறகு வாத்தினத்தைச் சேர்ந்த நீண்ட கழுத்துடைய பறவைக்கும், பூனைக்கும் பிஸ்மத் உப்புக் கலந்த உணவை ஊட்டினார். அவ்வுப்பு எக்ஸ் கதிர்களைத் தடுப்பதால் இரைப்பையின் அசைவுகள் திரையில் நிழலாகத் தெரிந்தன. இக்காலத்தில் இரைப்பை நோய் கண்டவர்களுக்குப் பேரியம் கலந்த நீரைப் பருகக் கொடுத்துப் படம் எடுக்கும் முறைக்கு மூலம் இதுவே.

நிழலைப் பார்த்துக்கொண்டிருந்த கானனுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. சிற்சில வேளைகளில் பூனையின் இரைப்பை திடீரென்று அசைவற்று நின்றுவிட்டது. கருவியில் குற்றம் இல்லை. உணவிலும் குற்றம் இல்லை. கூர்ந்து நோக்கியபோது, பூனை அஞ்சியோ சினந்தோ இருந்த வேளைகளிலேயே இரைப்பை நின்றது என்பது விளங்கிற்று. பூனை அமைதியுற்றதும் அலைகள் மீண்டும் எழுந்தன. வேறொருவர் இதனை இடையூறு என்றே கருதி, சாந்தமான பூனைகளைத் தேர்ந்துகொண்டு மேலே சென்றிருப்பார். கானனோ அவ்விடையூற்றையே ஆராயத் தொடங்கினார். அச்சம் எவ்வழியாக இரைப்பையைச் சென்று எட்டுகிறது என்னும் கேள்வி பிற்காலத்தில் அவரைக் குளிரின் ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர் 1900-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கொர்னீலியா ஜேம்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். மணமக்கள் இருவரும் மொன்டானா மாநிலத்து மலைப்பகுதிக்குச் சென்று, அதுவரை எவரும் ஏறியிராத சிகரம் ஒன்றின் உச்சியை அடைந்தனர். ஏறக்குறைய 9,000 அடி உயரமுள்ள அச்சிகரம் பின்னர் அவர்கள் பெயராலேயே கானன் மலை என வழங்கலாயிற்று. 1906-இல் பௌடிச்சுக்குப் பின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உடலியல் பேராசிரியரானார். 1942-இல் ஓய்வு பெறும்வரை அப்பதவியிலேயே இருந்தார்.

உடலில் இருவகைத் தூதர்கள் உள்ளனர். நரம்பு, தந்தியைப் போன்றது. செய்தியைக் குறித்த இடத்திற்கு நொடிப்பொழுதில் சேர்க்கும். நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் கலக்கும் ஹார்மோன்கள், ஊர் முழுதும் சுற்றிப் பறையறைபவனைப் போன்றவை. மெல்லச் சென்றாலும் எல்லாத் தெருவிலும் கேட்கும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரு சிறு சுரப்பிகள் அட்ரினல் சுரப்பிகள் எனப்படும். அவற்றின் உட்பகுதியினின்றும் வரும் ஹார்மோனாகிய அட்ரினலினை, தாக்கமினே என்னும் ஜப்பானிய அறிஞர் 1901-ஐ ஒட்டிப் பிரித்தெடுத்திருந்தார். இச்சுரப்பியைத் தூண்டுவது பரிவு நரம்பு. ஆகவே நரம்பும் ஹார்மோனும் கைகோத்து நிற்கும் இடம் அது.

நாய் குரைக்கக் கேட்டு அஞ்சிய பூனையின் குருதியில் அட்ரினலின் மிகுந்திருப்பதைக் கானன் 1911-இல் காட்டினார். அச்சமும் சினமும் நேரும்போது குருதியில் சர்க்கரை மிகுவதையும், இதயம் விரைவதையும், தோலின் குருதிக் குழல்கள் சுருங்குவதையும், மயிர் சிலிர்ப்பதையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். இவை யாவும் போரிடுவதற்கோ ஓடிப் பிழைப்பதற்கோ உடலை ஆயத்தம் செய்வன என்று கூறினார். கால்பந்து வீரர்களைச் சோதித்தபோது, களத்தில் இறங்காமல் ஓரத்தில் அமர்ந்தே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர் சிலருடைய சிறுநீரிலும் சர்க்கரை தோன்றியது. இவற்றையெல்லாம் திரட்டி 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் அவருடைய புகழைப் பரப்பியது.

புகழோடு மறுப்பும் வந்தது. கிளீவ்லாந்து நகரத்தில் ஸ்டூவர்ட், ரோகாஃப் என்னும் இரு தேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இருந்தனர். அட்ரினலின் எந்நேரமும் ஒரே அளவாகவே சுரக்கிறது. அச்சத்தாலோ வலியாலோ அது மிகுவதில்லை. கானன் கண்டது அவருடைய சோதனை முறையால் விளைந்த பிழையே என்று அவர்கள் எழுதினர். குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கது அன்று. குருதியை எடுக்கும் முறையே அட்ரினலினின் அளவை மாற்றிவிடக் கூடும் என்பது மெய். மறுப்புரைகள் ஆண்டுதோறும் தொடர்ந்து வந்தன. சினம் உடலை எவ்வாறு மாற்றும் என்பதை ஆராய்ந்தவர், தாமே சினம் கொள்ளத்தக்க நிலைக்கு ஆளானார். கானனின் நூல் நிலைக்குமா, வீழுமா என்பது இப்போது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்ததாயிற்று. விலங்கின் உடலைக் கலைக்காமல், அதன் குருதியில் அட்ரினலின் மிகுவதை எவ்வாறு அறிவது?

அவர் கண்ட வழி வியக்கத்தக்கது. இதயத்திற்கு இருவகை நரம்புகள் செல்கின்றன. வேகஸ் நரம்பு அதன் துடிப்பை மட்டுப்படுத்தும். பரிவு நரம்பு விரைவுபடுத்தும். இவ்விரண்டையும் அறுத்துவிட்டாலும் இதயம் நிற்பதில்லை, தானாகவே துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் இனி நரம்பின் கட்டளை எதுவும் அதற்கு எட்டாது. குருதி வழியே வரும் செய்தி ஒன்றே எட்டும். அட்ரினலின் மிக மிக நுண்ணிய அளவில் குருதியில் கூடினாலும் அவ்விதயம் விரைந்து துடிக்கும். பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்து, அது நலமுற்று எழுந்து நடமாடும்வரை காத்திருந்தார் கானன். பின்னர் அதன் இதயத் துடிப்பை எண்ணினார். பூனையின் மார்பினுள்ளேயே அட்ரினலினை அளக்கும் கருவி ஒன்று அமைந்துவிட்டது! 1919-இல் இம்முறையைக் கொண்டு அவர் வெளியிட்ட முடிவுகள் அவருடைய பழைய கூற்றை உறுதிப்படுத்தின. அச்சமுற்ற பூனையின் இதயம் விரைந்தது. அட்ரினல் சுரப்பிகளைச் செயலற்றவையாக்கியபின் அவ்விரைவு பெரும்பாலும் மறைந்தது.

அச்சத்திற்கென வகுத்த இவ்வளவுகோலைக் கானன் அடுத்துக் குளிரின்மேல் வைத்தார். காட்டில் வாழும் விலங்குக்குப் பகைவன் நாள்தோறும் வருவதில்லை. குளிரோ ஆண்டுதோறும், நாள்தோறும், இரவுதோறும் வரும் பகை. உடல் அவசர காலத்தில் மட்டும் அட்ரினலினை நாடுகிறதா, அன்றாட வாழ்விலும் நாடுகிறதா என்பதை அறிய இதனினும் நல்ல உரைகல் வேறு இல்லை.

உடன் உழைத்தோர் மூவருடன் அவர் செய்த சோதனைகள் 1927-இல் வெளிவந்தன. நரம்பறுத்த இதயமுடைய பூனையின் இரைப்பைக்குள் குழாய் வழியே குளிர்நீரைச் செலுத்தினர். உடலின் சூட்டில் ஒரு பகுதி அந்நீரைச் சூடாக்கச் செலவாயிற்று. வணிகன் கடன் பட்டதுபோல் உடல் வெப்பக் கடன் பட்டது. கடனை அடைக்க உள்ளே தீ மிகுந்து எரிந்தாக வேண்டும். சிறிது பொழுதில் இதயம் விரைந்தது. அட்ரினலின் மிகுதியாகச் சுரக்கிறது என்பதற்கு அது சான்று. பூனை நடுங்காத வேளையிலும் இது நிகழ்ந்தது. அட்ரினல் சுரப்பிகளின் செயலை நீக்கியபின் அதே நீரைச் செலுத்தியபோது இதயம் விரையவில்லை; மாறாக, நடுக்கம் எளிதில் தோன்றியது.

இதன் பொருளைக் கானன் நன்கு உணர்ந்தார். குளிரை எதிர்க்க உடலுக்கு ஒரே அரண் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரண்கள் உள்ளன. முதலில் தோலின் குருதிக் குழல்கள் சுருங்குகின்றன. சூடான குருதி உள்ளேயே தங்குகிறது. மயிரும் இறகும் சிலிர்த்துத் தம்மிடையே காற்றைத் தேக்கி வைக்கின்றன. மார்கழிக் காலையில் கோழி பந்துபோல் தோன்றுவது இதனாலேயே. மயிர் குறைந்த மனிதனின் தோலில் எழும் புல்லரிப்பு அவ்வரணின் எச்சம். இவை சூட்டைக் காப்பவையேயன்றி உண்டாக்குபவை அல்ல. இவை போதாவிடில் ஹார்மோன்கள் உள்தீயை மிகுவிக்கின்றன. அதுவும் போதாவிடில் தசைகள் நடுங்கத் தொடங்குகின்றன. நடுக்கம் என்பது பயனற்ற அசைவுபோல் தோன்றினும், தசை சுருங்கும்போதெல்லாம் வெப்பம் பிறப்பதால், அதுவும் ஒரு தொழிலே. இவையனைத்தையும் கண்காணிப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி. தோலினின்றும் வரும் நரம்புச் செய்தியும், தன்னூடே ஓடும் குருதியின் சூடும் அதற்குக் குளிரை அறிவிக்கின்றன.

பின்னர் கானனும் அவர்தம் மாணவரும் பூனைகளின் முதுகெலும்பின் இருமருங்கும் ஓடும் பரிவு நரம்புத் தொடர் முழுவதையும் நீக்கிப் பார்த்தனர். அப்பூனைகள் ஆராய்ச்சிக் கூடத்தின் இளஞ்சூட்டில் உண்டு, உறங்கி, குறைவின்றி வாழ்ந்தன. கண்டவர் எவரும் அவற்றிற்கு ஏதோ ஒன்று இல்லை என்று சொல்லியிரார். குளிர்ந்த அறையில் வைத்தபோதே உண்மை வெளிப்பட்டது. மயிர் சிலிர்க்கவில்லை, தோலின் குழல்கள் சுருங்கவில்லை, நடுக்கம் வந்தும், பிற பூனைகள் எளிதில் தாங்கிய குளிரில் இவற்றின் உடற்சூடு இறங்கியது. 1929-இல் வெளிவந்த இம்முடிவு, உடலின் அமைதியான காலத்தில் மறைந்து கிடந்து, இடர் வந்தபோது எழும் காவலை நன்கு விளக்கிற்று.

அதே ஆண்டில், அதே மருத்துவக் கல்லூரியின் வேறொரு பகுதியில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டுக்குச் சென்றிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையினின்றும் ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். உயிரணுக்கள் செலவிடும் ஆற்றலின் நாணயம் அது. நடுங்கும் தசை செலவிடுவது அந்நாணயத்தையே.

விலங்குகளின்மேல் சோதனை செய்வதைப் பலர் அந்நாளில் வன்மையாக எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு முற்றிலும் பொருளற்றது என்று கூறுவதற்கில்லை. பூனைகள் தம் விருப்பால் ஆராய்ச்சிக் கூடத்திற்கு வந்தவை அல்ல. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் 1908 முதல் 1926 வரை இச்சோதனைகளுக்காக வாதாடும் பொறுப்பு கானனிடம் இருந்தது. சோதனை வேண்டும் என்று வாதாடியதோடு அவர் நிற்கவில்லை. விலங்குகளுக்குத் தூய இடமும் நல்லுணவும் அளித்தல் வேண்டும், வலி தரும் அறுவைக்கு முன் மயக்க மருந்து தருதல் வேண்டும் என்னும் விதிகளை வகுத்து, நாட்டின் ஆராய்ச்சிக் கூடங்களில் அவற்றை ஏற்கச் செய்தார்.

இந்நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் கானன் செய்த பிழைகளும் உண்டு. முதல் உலகப்போரில் 1917-இல் பிரான்சுக்குச் சென்று, காயமுற்று வெளிறிக் குளிர்ந்துபோன போர்வீரர்களைப் பற்றி அரிய ஆராய்ச்சி செய்தார். ஆயினும் அதற்கு அவர் கூறிய காரணங்கள் பல பின்னர் நிலைக்கவில்லை. மற்றொரு பிழை அவர்தம் சொந்தத் துறையிலேயே நேர்ந்தது. 1931-இல் பெல்ஜியம் நாட்டு பாக் என்பவரோடு சேர்ந்து, பூனையின் வால்மயிரைச் சிலிர்க்கச் செய்யும் பரிவு நரம்பைத் தூண்டினார். அட்ரினல் சுரப்பிகள் செயலற்றிருந்தும், சிறிது பொழுது கழித்து நரம்பறுத்த இதயம் விரைந்தது! எனவே நரம்பின் முனையே ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது. அது குருதியில் கலந்து இதயத்தை அடைகிறது. நரம்பும் ஹார்மோனும் இரு வேறு உலகங்கள் அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அப்பொருளுக்குச் சிம்பதின் என்று பெயரிட்ட கானன், அது இருவகைப்படும் என்று ஒரு கொள்கையை அமைத்தார். அக்கொள்கை தவறு. நரம்புகள் வேதிப்பொருள் வழியே செய்தி சொல்கின்றன என்பதற்கான நோபல் பரிசு 1936-இல் லோவி, டேல் இருவருக்கும் சென்றது. பலமுறை முன்மொழியப்பட்டும் கானனுக்கு அப்பரிசு கிட்டவில்லை.

இவ்வாராய்ச்சிகளினின்றும் கானன் பெற்ற பெருங்கருத்து ஒன்று உண்டு. உடலின் சூடு, குருதியின் சர்க்கரை, உப்பு, நீர் ஆகியவை ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் நிற்கின்றன. அசையாமையால் நிற்பவை அல்ல. ஓயாத திருத்தத்தால் நிற்பவை. கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடி இப்புறமும் அப்புறமும் சாய்ந்து சாய்ந்தே வீழாமல் செல்வதுபோல் என்று அதனை விளங்கிக்கொள்ளலாம். இந்நிலைக்கு 1926-இல் ஹோமியோஸ்டேசிஸ் என்னும் சொல்லை ஆக்கினார். உடலின் ஞானம் எனப் பொருள்படும் பெயரில் 1932-இல் அவர் எழுதிய நூல் இதனைப் பொதுமக்களும் உணருமாறு எடுத்துரைத்தது. தமிழில் இதனை உடற்சமநிலை என்கிறோம்.

மாணவப் பருவத்தில் எக்ஸ் கதிர்களின் முன்னே மணிக்கணக்கில் நின்றவர் கானன். அக்கதிர்கள் தீங்கு செய்வன என்பதை அக்காலத்தில் எவரும் சரிவர அறியார். காப்புத் தகடும் இல்லை. கைகளில் தோல் கருகியது. பல்லாண்டு கழித்து உடலெங்கும் தாங்கொணா அரிப்பு எழுந்தது. 1930-களில் அது கொடிய தோல் நோய் என்று தெரிந்தது. இளமையில் ஏற்ற கதிர்களே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. நோயோடு இருந்தும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. 1935-இல் சீனாவுக்குச் சென்று பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். போரால் துன்புற்ற சீன மக்களுக்கும் ஸ்பெயின் மக்களுக்கும் மருத்துவ உதவி திரட்டினார். 1945-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டே, பரிவு நரம்பின் முனையில் சுரக்கும் பொருள் நார்அட்ரினலின் என்பதைச் சுவீடன் நாட்டு ஃபான் ஆய்லர் நிறுவினார். அட்ரினலினுக்கு மிக நெருங்கிய உறவுடைய பொருள் அது. குளிர் பற்றிய ஆராய்ச்சி அதன்பின் வேறு பாதையில் விரைந்தது. எலிகளைப் பல வாரம் குளிரறையில் வைத்தால், முதலில் அவை ஓயாது நடுங்குகின்றன. நாள் செல்லச் செல்ல நடுக்கம் குறைகிறது. ஆயினும் அவை உண்டாக்கும் வெப்பம் குறைவதில்லை. நடுங்காமலே சூடு பிறப்பிக்க அவை பழகிவிடுகின்றன. அவ்வாறு பழகிய எலிக்கு நார்அட்ரினலினைச் செலுத்தினால் உள்தீ பெரிதும் ஓங்குகிறது என்று ஷே, கார்ல்சன் என்போர் 1957-இல் காட்டினர். பழகாத எலியில் அவ்வளவு ஓங்குவதில்லை.

அத்தீ எரியும் அடுப்பும் பின்னர்ப் புலனாயிற்று. தோள்களின் நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் பழுப்பு நிறமான ஒருவகைக் கொழுப்பு உள்ளது. வெண்கொழுப்பு உணவைச் சேமிக்கும் களஞ்சியம். பழுப்புக் கொழுப்போ அதனை எரிக்கும் அடுப்பு. பரிவு நரம்பின் இழைகள் அதனுள் அடர்ந்து பரவியுள்ளன. நரம்பு முனையில் நார்அட்ரினலின் சுரந்ததும் கொழுப்பு எரியத் தொடங்குகிறது. மற்ற உயிரணுக்களில் எரிதலின் ஆற்றல் ஏ.டி.பி. நாணயமாக வார்க்கப்படும். இங்கோ தனிப்பட்ட புரதம் ஒன்று அவ்வார்ப்பைத் தவிர்த்து, ஆற்றல் முழுவதையும் வெப்பமாகவே விட்டுவிடுகிறது. 1970-களில் அப்புரதம் அறியப்பட்டது. தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் இல்லாவிடில் இவ்வடுப்பு செவ்வனே எரிவதில்லை. ஆகவே கட்டளை நரம்பினுடையது. அடுப்பை ஆயத்தமாக வைப்பதில் ஹார்மோனுக்கும் பங்குண்டு. அட்ரினல் சுரப்பிக்குக் கானன் அளித்த பங்கு சற்றே மிகையானது என்றும், பரிவு நரம்புக்கு அளித்த இடம் முற்றிலும் பொருந்தும் என்றும் இன்று கூறலாம். பச்சிளங்குழந்தைக்கும் இக்கொழுப்பு உண்டு. அது நடுங்காமலே குளிரைத் தாங்க முயல்வது இதனால். வளர்ந்தோர் பலரிடத்தும் அது எஞ்சி நின்று தொழிற்படுகிறது என்பது 2009-இல் உறுதியாயிற்று.

மொன்டானாவில் கானன் மலை நிற்கும் பகுதி இன்று பனிப்பாறைத் தேசியப் பூங்கா எனப்படுகிறது. அங்கே பாறை இடுக்குகளில் மார்மட் என்னும் பெரிய அணிலினத்து விலங்குகள் வாழ்கின்றன. கோடையில் புல்லைத் தின்று கொழுத்து, பனி பெய்யத் தொடங்கியதும் வளைக்குள் புகுந்து மாதக்கணக்கில் உறங்குகின்றன. அப்போது அவற்றின் உடல் ஓணானைப்போலக் குளிர்ந்துவிடுகிறது. இடையிடையே ஒரு நாள், புறத்தே பனி உறைந்து கிடக்க, வளைக்குள் உறங்கும் மார்மட்டின் தோள்நடுவே நரம்பு முனைகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. பழுப்புக் கொழுப்பு எரிகிறது. மார்பும் தலையும் முதலில் சூடேறுகின்றன. பிறகு தசைகள் நடுங்குகின்றன. சில மணி நேரத்தில் அது கண் விழிக்கிறது.